ஒரு காது மட்டும் இரைந்தால்

கண்ணு,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக, “வலது காதுல ரெண்டு நாளா கொய்யினு ஒரே சத்தம்மா” என்று சொல்லிவிட்டு கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டாய். காது மூக்கு தொண்டை வார்டில் நர்ஸாகக் குப்பை கொட்டியவளுக்கு அதற்கப்புறம் கிரிக்கெட் எங்கே ஏறும்?

கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று ரெண்டு காதும் இரைந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். ஒரு வாரம் தாண்டினால் காட்டலாம். உனக்கோ ஒரு பக்கம் மட்டும். போனை அந்தக் காதில் வைத்துப் பேசிப் பார். மறு காதைவிடக் குரல் மங்கலாகக் கேட்டால் இன்றே கிளம்பு, சனிக்கிழமை லீவுக்குக் காத்திருக்காதே. உள்காது திடீரென்று மந்தமானால் ஸ்டீராய்டு மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். சளி அடைப்பு என்று நினைத்து மூன்று வாரம் கழித்து வருகிறவர்களைப் பார்த்து டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இன்னொன்று. வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகிப் பார். குரும்பி அடைப்பு என்றால் சத்தம் அடைத்த காதிலேயே ஓங்கிக் கேட்கும். நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கும். டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பதும் இதே கணக்குதான். அதற்காக நீயே டாக்டராகிவிடாதே. எந்தப் பக்கம் கேட்டாலும் போய் ஆடியோகிராம் எடு, காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது.

இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தால் அதையும் மறக்காமல் சொல். ரத்தக்குழாய் சமாசாரமாக இருக்கலாம், பிரஷர் பார்ப்பார்கள், ஸ்கேனும் கேட்பார்கள். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ, நிற்க முடியாமல் தலை சுற்றினாலோ யோசிக்காதே, பெங்களூரிலும் 108தான்.

பாட்டி பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்வார். தலையாட்டு, ஊற்றாதே. ஜவ்வில் ஓட்டை இருந்தால் வம்பு. பட்ஸும் வேண்டாம், குரும்பியை உள்ளேதான் தள்ளும். தலைவலிக்கு நீ விழுங்கும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு எடுத்துப் போ. ஆஸ்பிரின் அளவு மீறினாலும் காது இரையும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஃபேனை ஓடவிடு, அந்தச் சத்தத்தில் இது கொஞ்சம் அமுங்கும்.

ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்.

அம்மா