ராத்திரி குழந்தை பாத்துக்க ஆள் அனுப்பினதுக்கு கூடுதலா வாங்கின பணம் பத்தி புகார்

மேனேஜர் சார், வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து எழுதறேன். உங்க புதுச்சேரி ஆபீஸ் மூலமா போன மாசம் 30 நாள் என் குழந்தைய பாத்துக்க ராத்திரி ஒன்பதுலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் ஆள் வச்சிருந்தோம். பில் விஷயமா மூணு தடவ போன் பண்ணிட்டேன், ஒவ்வொரு தடவயும் வேற யாராவது எடுத்து அக்கவுண்ட்ஸ்ல கேட்டு சொல்றோம்னு வச்சிடறாங்க. அதனாலதான் இப்ப எழுத்துல குடுக்கறேன்.

எனக்கு சிசேரியன். அம்மா இல்ல, மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி அவங்களையே ஒருத்தர் புடிச்சு நடத்தணும், வீட்டுக்காரர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, பாதி மாசம் நைட்டு. பச்சக் குழந்தைக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் குடுத்தாகணும், ஒரு நாளைக்கு 8லேர்ந்து 12 தடவ ஆகும், தையல் போட்ட வயித்த புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு தடவயும் எழுந்திரிச்சு தூக்கி ஏப்பம் வர வச்சு துணி மாத்தி படுக்க வைக்க என்னால முடியல. வசதி இருந்து ஆள் வைக்கல சார், வளையல அடகு வச்சுதான் கட்டினோம். அவர் சம்பளமே 31,000. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல கவர்மெண்டு குடுக்கறது ஊட்டச்சத்து கிட்டையும் சேத்து 18,000, அதுவும் தவணையாதான் வரும்.

நீங்க சொன்ன ரேட்டு ஒரு ராத்திரிக்கு 1,100. 30 நாளுக்கு 33,000, ரெஜிஸ்ட்ரேஷன் 2,500, மொத்தம் 35,500 முன்னாடியே கட்டிட்டோம். வேற ஏதாவது உண்டான்னு நானே கேட்டேன், இல்ல மேடம் அவ்ளோதான்னு சொன்னீங்க. மாசம் முடிஞ்சதும் வாட்ஸப்ல இன்னொரு பில்லு வந்துச்சு, ஞாயித்துக்கெழம டபுள் சார்ஜ் நாலு நாளுக்கு 4,400, போக்குவரத்து ஒரு நாளைக்கு நூறுன்னு 3,000. கட்டலன்னா அடுத்த மாசம் ஆள் கெடையாதுன்னு சொன்னதால பயந்துபோய் அவர் ஜிபேல 7,400 போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம டபுள்னு நான் கையெழுத்து போட்ட பாரத்துல எங்கயுமே இல்ல, எடுத்து பாருங்க.

இதுல 25 ராத்திரிதான் நீங்க மொதல்ல அனுப்புன அக்கா வந்தாங்க. அவங்களுக்கு காய்ச்சல் வந்த அஞ்சு நாள்ல ரெண்டு நாள் வேற ஒருத்தர அனுப்பினீங்க, மூணு நாள் யாருமே வரல, அந்த மூணு நாளும் நான் சுவத்துல சாஞ்சு உக்காந்தபடியே விடிய வச்சேன். அந்த மூணு நாளுக்கும் காசு புடிச்சிருக்கீங்க, வராத ஆளுக்கு போக்குவரத்து நூறு ரூபாயும் சேத்து!

மாத்தாளா வந்தவங்க குழந்தை அழுததும் சக்கரத் தண்ணி கலக்கப் போனாங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணி கூட குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பியிருந்தாங்க, நான் முழிச்சிருந்ததால தடுத்தேன். தூங்கியிருந்தா? பயிற்சி குடுத்த ஆளுன்னு சொல்லித்தானே இந்த ரேட்டு வாங்கறீங்க.

மொதல்ல வந்த அக்காவ பத்தி ஒரு குறையும் இல்ல, அத தெளிவா எழுதிக்கறேன். நான் எடுத்து வச்ச பால பாலாடையில சொட்டு சொட்டா விட்டு, தோள்ல துண்டு போட்டு சாச்சுக்கிட்டு, ஏப்பம் வர்ற வரைக்கும் முதுக தடவிக்கிட்டே இருட்டுல நடப்பாங்க, நான் முழிச்சிக்கக் கூடாதுன்னு லைட்டு கூட போடமாட்டாங்க, கொலுசு சத்தம் கேக்கும்னு அத கழட்டி பையில வச்சுட்டுதான் உள்ள வருவாங்க. எனக்கு ஒரே மூச்சுல மூணு மணி நேரம் தூக்கம் கெடச்சது அவங்களாலதான்.

தவளக்குப்பத்துலேர்ந்து பஸ் ஏறி வர்றாங்க. பஸ் காசு உங்க ஆபீஸ்ல தர்றாங்களான்னு நான்தான் கேட்டேன், இல்லம்மா, ராத்திரிக்கு 550, பஸ்ஸுக்கு என் கைக்காசுன்னாங்க. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. நான் குடுத்த 1,100ல பாதிதான் முழிச்சிருந்தவங்களுக்கு போகுது, போக்குவரத்துன்னு தனியா என்கிட்ட வாங்குனதுல ஒத்த ரூபா அவங்க கைக்கு போகல. ஆபீஸ் செலவு உங்களுக்கு இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அவங்க பேர சொல்லி வாங்குன காச அவங்களுக்கே குடுக்காதது ரொம்ப தப்பு. இத எழுதட்டுமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். இதுக்காக அவங்க வேலைய நிறுத்தினா அதையும் சேத்து புகார் குடுப்பேன்.

வராத மூணு நாளுக்கு 3,300, அதுக்கு போட்ட போக்குவரத்து 300, சொல்லாம வாங்குன ஞாயித்துக்கெழம காசு 4,400, மொத்தம் 8,000 எங்களுக்கு திருப்பி வரணும். மீதி போக்குவரத்து 2,700ஐ எனக்கு தரவேணாம், 2,500 அந்த அக்காவுக்கும் 200 மாத்தாளா வந்தவங்களுக்கும் குடுத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த மாசத்துக்கு அதே அக்காதான் வேணும், எல்லா சார்ஜையும் மொதல்லயே பேப்பர்ல எழுதிக் குடுங்க.

15 நாள் பாப்பேன். பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணிட்டு நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போடுவேன். உங்க ஆபீஸ் புதுச்சேரில இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நான் குடியிருக்கற கடலூர்லயே போடலாம், குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸும் கெடையாது.

ரெண்டு பில்லு, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டு, வந்த நாள் வராத நாள் குறிச்சு வச்ச காலண்டர் பக்கம் எல்லாம் இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்,
மஞ்சக்குப்பம், கடலூர்