ஒடுகத்தூர் ரோட்டில் ஸ்பேனர் பிடித்த அண்ணனுக்கு நன்றி

போன வியாழக்கிழமை சாயங்காலம் அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் போகும் ரோட்டில், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரோடு நின்றுபோன டிராக்டர் என்னுடையதுதான். மறுநாள் மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பு. டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யாமல் ஒரு வருஷமாகிறது. குச்சி விட்டுப் பார்க்கச் சோம்பல்பட்டேன், டேங்க் காய்ந்துவிட்டது. கேனில் 5 லிட்டர் வாங்கி வந்து ஊற்றியும் கிளம்பவில்லை. நானும் விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தேன்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போன நீங்கள் திரும்பி வந்து, "அடிக்காதீங்க தம்பி, பேட்டரி உக்காந்துடும். டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு" என்றீர்கள். டீசல் ஃபில்டர் மேலிருந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, என்னைக் கைப்பம்ப்பை அழுத்தச் சொன்னீர்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்று வெறும் டீசல் ஒழுகியதும் முடுக்கினீர்கள். அப்புறம் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி, "இப்ப அடிங்க" என்றீர்கள். டீசல் தெறித்தது, நட்டுகளை முடுக்கி மறுபடி அடித்ததும் புகை கக்கிக்கொண்டு வண்டி எழுந்தது.

உங்கள் வெள்ளைச் சட்டையெல்லாம் டீசல் புள்ளி. பாக்கெட்டில் மொய்க்கவர் எட்டிப் பார்த்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. கல்யாண வீட்டுக்கு அப்படியேவா போனீர்கள்?

பணம் நீட்டினேன், "மொதல்ல அந்த முள்ளை மாத்துங்க" என்று திட்டிவிட்டுப் போனீர்கள். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. மல்லாட்டை விதைத்தாயிற்று, முள்ளும் மாற்றியாயிற்று. உங்கள் ஸ்பேனர் ஒன்று என் டூல் பாக்ஸிலேயே தங்கிவிட்டது. துடைத்து வைத்திருக்கிறேன்.