நடுவில் ஆள் நின்று பிரேக் பிடிக்கிற ரயில்

மெல்போர்ன்
ஜனவரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. என் தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் இங்கே உன் தங்கச்சிக்கும் மனசு ஆறியது. இன்னும் கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. மொட்டைமாடி வேலையெல்லாம் நீ பார்த்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். கோடை விடுமுறை என்பதால் பேத்திக்குப் பள்ளி இல்லை, பையனும் லீவு போட்டிருக்கிறான். சுற்றிய இடங்களையெல்லாம் எழுதினால் உனக்குச் சலித்துவிடும். இங்கே கடற்கரையோரம் இருக்கிற செயின்ட் கில்டாவை மட்டும் எழுதுகிறேன். அங்கே நின்றபோதெல்லாம் உன் ஞாபகம்தான். நீ மில்லில் ஃபிட்டராக இருந்தவன், இது உன் கண்ணால் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

நகரத்திலிருந்து 96ஆம் நம்பர் டிராமில் ஏறினால் நேரே கடற்கரையில் இறக்கிவிடுகிறான். அந்த வழியில் ஒரு பகுதி 1857இல் போட்ட ரயில் பாதை. 1987இல் ரயிலை நிறுத்தினார்கள். ஆனால் பாதையைப் பாழாக விடாமல் அதே வருஷம் அதிலேயே டிராம் விட்டுவிட்டார்கள். இறங்கியதும் எதிரே லூனா பார்க் என்கிற பொழுதுபோக்குப் பூங்கா. பெரிய சந்திர முகம், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அந்த வாய்க்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். பேத்தி முதலில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே 'சீனிக் ரயில்வே' என்று ஒரு மர ரயில், அதாவது மரச்சட்டத்தின் மேல் ஏறி இறங்கி ஓடுகிற ரோலர் கோஸ்டர். 1912 டிசம்பரில் பார்க் திறந்ததிலிருந்து ஓடுகிறது. அமெரிக்காவில் 1902இல் கட்டியது ஒன்று உண்டு, ஆனால் அது நடுவில் பல வருஷம் நின்றுபோனது. விடாமல் ஓடுவதில் உலகத்திலேயே பழையது இதுதான். மாப்ளே, கவனமாகப் படி: ஏற்றத்தில் வண்டியை மோட்டார் இழுத்துவிடுகிறது, அப்புறம் தன் கனத்திலேயே இறங்கி ஏறி ஓடுகிறது. இப்போதைய கோஸ்டர்களில் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் இருக்கும், வண்டி மேலே எம்பாது. இதில் அது கிடையாது. அதனால் வேகத்தை அளவாக வைக்க ஒரு ஆள் வேண்டும். பிரேக்மேன். வண்டியின் நடுவில், நாமெல்லாம் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் நின்றபடி வருகிறார். கையில் நீளமான லீவர்.

எங்களோடு வந்தவர் ஒரு இளைஞர். வளைவுக்கு முன்னாலேயே உடம்பை மொத்தமாகப் பின்னால் சாய்த்து இழுத்தார். மரச்சட்டங்கள் கிறீச்சிட, வண்டி அடங்கியது. கையை விட்டதும் திரும்பக் கிளம்பியது. ஒரு தரம்கூட அவர் பிடி தடுமாறவில்லை. எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், என்ன கனம், காற்று எப்படி என்று கையாலேயே தெரிந்துகொண்டு பிடிக்கிற வேலை. உன் தறிகளை நீ காதால் கேட்டே பழுது சொல்வாயே, அந்த ஜாதி வேலை இது. பாதை பார்க்கின் ஓரத்தையே சுற்றிப் போவதால் உச்சிக்கு வந்ததும் போர்ட் பிலிப் விரிகுடா முழுசும் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. பையன், நான், பேத்தி மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். உன் தங்கச்சி கீழே நின்றுகொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இதற்குக் கூடவே 1923இல் 'பிக் டிப்பர்' என்று இன்னொரு மர ரயிலும் கட்டியிருந்தார்கள். இன்னும் பெரிதாக ஒன்று வைக்கிறோம் என்று 1980களின் கடைசியில் அதைப் பிரித்துப் போட்டார்கள். பெரியது வரவேயில்லை. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மரத்தை ஆணியோடு பிடுங்குவது எவ்வளவு சுலபம்!

ஆனால் குதிரை ராட்டினத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். 1913இல் பிலடெல்பியாவில் செய்து, முதலில் சிட்னியில் ஓடி, 1923இல் இங்கே வந்தது. 68 மரக்குதிரைகள். ஒன்றின் பிடரியைத் தடவிப் பார்த்தேன். மயிர்க்கற்றை ஒவ்வொன்றும் உளியால் தனித்தனியே எடுத்தது, நம் ஊர் வாகனக் குதிரையைச் செய்கிற ஆசாரி பார்த்தால் கும்பிடுவார். 2000 வாக்கில் இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, பூசிப் பூசி ஏறிய பெயிண்டைச் சுரண்டி எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். காசு கணக்குப் பார்த்தால் புதிதாக ஃபைபரில் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதற்காகவே அவர்களுக்கு ஒரு பெரிய வணக்கம்.

மத்தியானம் கடற்கரைப் புல்தரையில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். பக்கத்தில் ஒரு கிரேக்கப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு. உன் தங்கச்சியும் அந்த அம்மாவும் பாஷை தெரியாமலே தின்பண்டம் மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் ஏக்லண்ட் தெருவில் கேக் கடைகள். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களால் பேர் வாங்கிய கடைத்தெரு அது. கடலுக்குள் நீண்டுபோகிற பாலத்தையும் 2024 டிசம்பரில் புதிதாகக் கட்டித் திறந்திருக்கிறார்கள். அதன் முனையில், 1956 ஒலிம்பிக் படகுப் போட்டிக்காகப் போட்ட கல் அலைதடுப்பில் குட்டைப் பென்குயின்கள் குடியிருக்கின்றன.

இப்போது உன் விஷயம். உன் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை எடைக்குப் போடச் சொல்லி மகன் நச்சரிக்கிறான் என்று எழுதியிருந்தாய். போடாதே. அவன் இடம் அடைக்கிறது என்கிறான், அதுவும் நியாயம்தான். நம் மதுரை மேலமாசி வீதி வீட்டில் பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது, சாவி என் தம்பியிடம். அங்கே கொண்டுபோய் நிறுத்து. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணு, டேங்க்கில் துரு இருந்தால் தட்டிவிடு, பேரனைக் கூட வைத்துக்கொண்டு செய். அவன் கையில் ஸ்பானரைக் கொடு. நான் சித்திரைக்கு முன்னால் வந்துவிடுவேன். சித்திரைப் பொருட்காட்சிக்கு அதிலேயே போவோம். கையால் சுற்றுகிற ராட்டினம் அங்கே இன்னும் வருகிறதா என்று விசாரித்து எழுது. பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் மாப்ளே