ஜூலியா மோர்கன் அம்மையாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜூலியா மோர்கன் அம்மையாருக்கு,

வணக்கம். சைட்டில் ஹெல்மெட்டோடு நிற்கும் என்னிடம் வந்து, "மேடம், சுவருக்கு என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நான் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிகளைக் கட்டியிருப்பதைச் சரிபார்க்கப் போனவள். அப்போதெல்லாம், அமெரிக்கக் கட்டடக்கலைஞரான உங்கள் ஃபேர்மாண்ட் ஹோட்டல் கதைதான் நினைவுக்கு வரும்.

சான் பிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில், திறப்பு விழாகூடக் காணாத அந்த ஹோட்டல் உள்ளே வெந்துபோனது. வளைந்த தூண்களையும் தொய்ந்த தளங்களையும் நிமிர்த்தி, 1907 ஏப்ரலில் திறக்கவைத்தீர்கள். பார்க்க வந்த பெண் நிருபர், வண்ணங்களோடு விளையாட உங்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று ஆரம்பித்தார். "அலங்காரக்காரர்கள் நியூயார்க்கிலிருந்து வந்தார்கள், என் வேலை கட்டுமானம்" என்று முடித்துவிட்டீர்கள். நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

பெர்க்லியில் சிவில் படித்து, பாரிஸ் போய், அங்குள்ள கலைப்பள்ளியான எகோல் தெ போசாரின் கட்டடக்கலைப் பிரிவில் மூன்றாவது முயற்சியில் 1898-ல் இடம் பிடித்து, அந்தப் பள்ளியின் முப்பது வயது வரம்பு முடியும் தறுவாயில் 1902-ல் சான்றிதழ் வாங்கியவர் நீங்கள். 1904-ல் கலிஃபோர்னியாவில் கட்டடக்கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண்ணும் நீங்கள்தான்.

எல்லோரும் பேசுவது, பத்திரிகை முதலாளி ஹர்ஸ்டுக்காக நீங்கள் கலிஃபோர்னியாவில் கட்டிய ஹர்ஸ்ட் கோட்டை என்ற மாளிகையைத்தான். 1919 முதல் 1947 வரை, வாரக் கடைசியில் ரயிலேறிப் போய், அவர் மனம் மாறும்போதெல்லாம் வரைபடத்தை மாற்றினீர்கள். அங்குள்ள நெப்டியூன் நீச்சல் குளத்தை மட்டும் மூன்று முறை கட்டியிருக்கிறீர்கள்! அந்தப் பொறுமைக்குக் கும்பிடு. கோட்டை என் கண்ணுக்குக் கொஞ்சம் திகட்டுகிறது, மன்னியுங்கள்.

எனக்குப் பிடித்தது ஓக்லாந்தில் மில்ஸ் கல்லூரிக்காக 1904-ல் நீங்கள் எழுப்பிய மணிக்கூண்டு. 72 அடி உயரம், கம்பி போட்ட கான்கிரீட், மேலே பத்து மணிகள். கான்கிரீட்டைப் பலரும் சந்தேகமாகப் பார்த்த காலம் அது. இரண்டே வருடத்தில் பூமி குலுங்கியது. செங்கல் கட்டடங்கள் சரிந்தன; கூண்டு அசையாமல் நின்றது. அதன்பிறகு வேலைகள் உங்களைத் தேடி வந்தன, மொத்தம் 700-க்கும் மேல். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் தங்கப்பதக்கம் மட்டும் 2014-ல்தான் வந்தது, நீங்கள் இறந்து 57 வருடம் கழித்து.

நேரில் பார்த்திருந்தால் பதக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டேன். விடிகாலை அந்த ஆட்டத்தில், பத்து மணிகளும் தாமாகவே அடித்தனவா?

இப்படிக்கு,
கம்பி எண்ணும் ஒருத்தி