சேகரித்த செல்களைப் படித்து முடிக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வுக்கு வெளிநாட்டிலிருந்து நிதி தரும் உங்கள் அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், அது போதும். ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் 'தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று இயந்திரம்தான் பதில் போடுகிறது. எனவே இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். நம்மாட்கள் இல்லாத ஊர் ஏது?

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் நோய் எதிர்ப்பு செல்கள் என்ன ஆகின்றன என்பதை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படிக்கும் கூட்டு ஆய்வு இது. ஒப்பந்தம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை. 'முன்னுரிமைகள் மாறியுள்ளதால்' வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கான அடுத்த தவணை நிறுத்தப்படுகிறது என்று இரண்டு பத்தியில் கடிதம் வந்தது. எந்த முன்னுரிமை, எப்படி மாறியது என்பதற்கு மூன்றாவது பத்தி இல்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சேகரித்து உறைய வைத்திருக்கும் செல்களைப் படித்து முடிக்கும் வரையாவது நிதியை நிறுத்தாதீர்கள். புதிதாக ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்ததைத்தான் கேட்கிறோம்.

பணம் நின்றால் ஆய்வும் அப்படியே நிற்கும், பிறகு தொடரலாம் என்று உங்கள் கணக்குப் பிரிவு நினைக்கிறது போலும். காகிதக் கோப்பு என்றால் அது சரி. எங்களிடம் இருப்பவை உயிருள்ள செல்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்தெடுத்து, உறைகாப்பு மருந்து கலந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் டேங்குக்குள் வைத்திருக்கிறோம். டேங்கை மூடியே வைத்திருந்தாலும் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். மூடியைத் திறந்து அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தால், அதில் பனி படிந்த உயரம்தான் மிச்சமிருக்கும் நைட்ரஜன். அது குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விநியோகிக்கிறவருக்கு உங்கள் முன்னுரிமை பற்றி எதுவும் தெரியாது, பில்தான் தெரியும். ஒருமுறை மட்டம் இறங்கிச் சூடேறிவிட்டால் பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தச் செல்கள் பிழைக்காது. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பதை அதன் ஆர்.என்.ஏ.வை எண்ணித்தான் பார்க்கிறோம். செத்த செல் உடைந்து தன் ஆர்.என்.ஏ.வைக் கொட்டிவிடும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லின் கணக்கும் அதனால் கெட்டுப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குப்பிகள் எங்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்க, குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்கள். பரிசோதனைக்குப் போக மிஞ்சுவதை ஆய்வுக்குத் தர முடியுமா என்று, பிள்ளைக்குப் புற்றுநோய் என்று அப்போதுதான் கேள்விப்பட்ட பெற்றோரிடம் போய் நிற்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதால எம்புள்ளைக்கு ஏதாச்சும் பலன் உண்டா சார்?" என்றார். இந்தப் பிள்ளைக்கு இருக்காது, பின்னால் வரும் பிள்ளைகளுக்கு இருக்கலாம் என்று உண்மையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தில் உங்கள் சின்னமும் இருக்கிறது. அவர் அடுத்த செக்கப்புக்கு வரும்போது உங்கள் இரண்டு பத்திக் கடிதத்தையும் அவரிடம் படித்துக் காட்டட்டுமா?

பின்னால் வரும் பிள்ளைகளுக்குப் பலன் என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. மெர்காப்டோபியூரின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தை மாதக்கணக்கில் விழுங்குவது அது. சில குழந்தைகளுக்கு வழக்கமான அளவிலேயே ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுண்ட், அடியோடு விழும், காய்ச்சல் வரும், மறுபடி அட்மிஷன். இந்த மருந்தை உடலில் செயலிழக்கச் செய்ய உதவும் டிபிஎம்டி மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று மேற்கத்திய ஆய்வுகள் காட்டின. அந்தக் குழந்தைகளுக்கு அது சரி. ஆனால் டிபிஎம்டி நன்றாக இருந்தும் ஆசியக் குழந்தைகளுக்குக் கவுண்ட் விழுந்தது ஏன்? 2014இல் கொரியாவில், இதே வகை மருந்தை எடுத்துக்கொண்ட குடல் அழற்சி நோயாளிகளிடம், என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று கண்டுபிடித்தார்கள். குவாத்தமாலா, சிங்கப்பூர், ஜப்பான் நாட்டு ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, அதன் வெவ்வேறு மாற்றங்கள் மருந்தை எப்படி நஞ்சாக்குகின்றன என்று தெளிவாக்கியது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அரிதாக இருப்பது, இங்கே கணிசமான குழந்தைகளிடம் இருக்கிறது. இன்று மரபணுவைப் பார்த்து மாத்திரை அளவைக் குறைக்க வழிகாட்டி நெறியே இருக்கிறது. ஐரோப்பியக் குழந்தைகளை மட்டும் இன்னும் பத்து மடங்கு படித்திருந்தாலும் இது எளிதில் கண்ணில் பட்டிருக்காது.

நோய் எதிர்ப்பு செல்கள் விஷயமும் அப்படித்தான். 2025இல் வெளியான ஆசிய நோய் எதிர்ப்பு செல் வரைபடத்தில் ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் 619 பேரிடமிருந்து எடுத்த பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான செல்களின் விவரங்கள் இருக்கின்றன. இனம், வயது, பாலினம் எல்லாமே இந்தச் செல்களின் விகிதத்தை மாற்றுகின்றன என்று அது காட்டியது. அவர்களெல்லாம் ஆரோக்கியமானவர்கள். நோயுற்ற நம் குழந்தைகளின் செல்களை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் குப்பிகள். வரைபடம் வந்துவிட்டது, ஒப்பிட வேண்டியது டேங்கில் கிடக்கிறது.

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் வெளிநாட்டுத் துணை நிதிகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்ததை நாங்களும் படித்தோம். அது அரசு, அவர்களுக்கு ஆயிரம் அரசியல். நீங்கள் அரசுகூட இல்லையே! பக்கத்து வீட்டில் அடுப்பை அணைத்தார்கள் என்று நாமும் அரைவேக்காட்டில் சோற்றை இறக்குவோமா?

உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் மொட்டைத் தலையுடன் சிரிக்கும் ஒரு பழுப்பு நிறக் குழந்தை. உள்ளே 'உலகளாவிய சமத்துவம்' என்று ஒரு முழு அத்தியாயம். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்திக்கொண்ட உங்கள் பிரதிநிதி, 'இது நீண்ட காலப் பயணம்' என்றார். பயணம் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று தெரிந்திருந்தால் பொன்னாடைச் செலவையாவது நைட்ரஜனுக்கு ஒதுக்கியிருப்போம். கட்டுரை வெளிவரும்போது எங்கள் பெயர் நடுவில் எங்கோ வரும், தரவுக் களஞ்சியத்தில் நாங்கள் ஏற்றிய தரவைப் பார்க்க நாங்களே விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நம்மூர் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. உலர்பனியில் வந்த ரீஏஜென்ட் (ஆய்வக வேதிப்பொருள்) பெட்டி சுங்கத்தில் கிடந்து கெட்டுப்போன கதையும், நிதியாண்டு முடியும் நேரத்தில் வரும் உள்நாட்டு நிதியின் கதையும் தனி மடலுக்கு ஆகும். கூட்டு ஆய்வால் பலன் இல்லாமலா இத்தனையையும் பொறுக்கிறோம்? மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழக விஞ்ஞானிகளின் ஒத்துழைப்பும் அதில் இருந்தது. அமெரிக்காவில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் அதற்கு. கடைசி வரை கூட நின்றால் இப்படியும் நடக்கும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். புதிய குழந்தைகளைச் சேர்க்க வேண்டாம் என்றால் சேர்க்கவில்லை. கருத்தரங்கு, விமான டிக்கெட், ஆலோசகர் கட்டணம் எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சேகரித்த செல்களைப் படித்து முடிக்கும் வரைக்குமான ரீஏஜென்ட், நைட்ரஜன், அந்த டேங்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் சம்பளம், இவற்றுக்கான பகுதியை மட்டும் விடுவியுங்கள். அதுவும் முடியாது என்றால், இந்தக் குப்பிகளையும் இதுவரையிலான தரவையும் வேறொரு நிதியில் நாங்களே படித்துக்கொள்ளத் தடையில்லை என்று எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்தத்தின்படி உங்கள் அனுமதி இல்லாமல் அவற்றை வேறு யாருடனும் சேர்ந்து பயன்படுத்த முடியாது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நைட்ரஜன் விநியோகிக்கிறவரிடம் இந்த மாதக் கடைசி வரை கடன் சொல்லி வைத்திருக்கிறோம். அதற்குள் உங்கள் பதில் வேண்டும். இம்முறை ஒரு மனிதரே எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
குழந்தைகள் ரத்தப் புற்றுநோய் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சென்னை.