இருபது எண்ணும் நேரம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்தை அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் நீ மறுபடி சைக்கிள் ஏறியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஈசிஆரில் கோவளம் வரை போய் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறீர்கள். முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் நிறுத்திவிட்டேன். கொள்ளிடக் கரையில் ஆடி மாதத்துக் காற்றை எதிர்த்து நாம் டபுள்ஸ் போனதுதான் ஞாபகம் வந்தது. நீ மிதிக்க நான் கேரியரில், பாதி வழியில் நான் மிதிக்க நீ கேரியரில்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "நீயும் டிரைவர்தானே, சொல்லு. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எங்களைப் பார்த்தால் ஏன்டா இவ்வளவு கோபம்?" இதற்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும் என்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் நான் ஓட்டுவது தொழிலாளர் பஸ் என்று உனக்குத் தெரியும். விடியுமுன் விடுதிகளில் ஆளேற்றிக்கொண்டு, தொழிற்சாலைகள் இருக்கும் துவாஸ் பக்கம் இறக்கிவிட வேண்டும். ஞாயிறும் உண்டு, ஓவர்டைம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். துவாஸ் சாலைகள் அகலமாகவும் நேராகவும் இருக்கும், ஞாயிறு காலையில் வண்டிகளும் குறைவு. அதனாலேயே சைக்கிள் குழுக்கள் அங்கே வருகின்றன. அன்று எனக்குப் பத்து நிமிஷம் தாமதம். அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஏழு மணிக்கு மேல் கார்டு தேய்த்தால் ஆளுக்கு அரை மணி நேரக் கூலி போய்விடும். பின்னால் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிப் பேர் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். முன்னால் பத்துச் சைக்கிள்கள், இரண்டு இரண்டாக, இடது தடத்தில். அன்று பார்த்து வலது தடத்தில் லாரிகள் விடாமல் வருகின்றன. கிட்டே போய் ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் போன ஒருவர் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார். தலை திரும்பியதும் சக்கரம் அசைந்தது. முன்னால் இருந்தவரின் பின்சக்கரத்தில் போய் உரசி மூன்று பேர் விழுந்தார்கள். என் பிரேக் பிடித்தது. அந்தப் பஸ் நின்ற இடத்துக்கும் விழுந்தவரின் காலுக்கும் இடையில் இருந்த தூரத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

பெரிய காயம் இல்லை. முழங்கை தேய்ந்திருந்தது, ஒருவருக்குக் கட்டைவிரல் வீங்கியிருந்தது. போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அதில் வயதான ஒரு சீனர் என்னைக் கைகாட்டி அழைத்து, கீழே கிடந்த சைக்கிளையும் அடுத்ததையும் நிமிர்த்தி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் காட்டினார். நடுவில் ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான். "இவ்வளவு கிட்டத்தில்தான் போகிறோம், முன்னால் போகிறவர் காற்றைத் தடுத்துக் கொடுப்பார், அதனால் பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது சுலபம்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்றபடி நிதானமாகச் சொன்னார். அந்த ஒரு முழத்தைக் காட்டிவிட்டு, ஹாரன் அடிப்பது போல் சைகை செய்து, சைக்கிளைச் சாய்த்துக் காட்டினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சமாகும் என்பதை நீ இப்போது உன் காலாலேயே தெரிந்துகொண்டிருப்பாய். கேபினில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது தெரியாது. பத்துப் பேர் அரட்டை அடித்துக்கொண்டு சாலையை அடைத்துப் போவதாகத்தான் தெரியும். அந்தப் பத்துப் பேரும் ஒரே உடம்பு மாதிரி போகிறார்கள், ஒருவர் அசைந்தால் எல்லாரும் அசைய வேண்டும் என்பது எந்த லைசென்ஸ் வகுப்பிலும் என் காதில் விழவில்லை.

அன்றிரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பத்துச் சைக்கிள் ஒற்றை வரிசையில் போனால், நடுவில் ஒரு மீட்டர் விட்டாலும் வரிசை கிட்டத்தட்ட 27 மீட்டர் நீளும். இரண்டு இரண்டாகப் போனால் 13 மீட்டர். அவர்கள் மணிக்கு 30 கிலோமீட்டர், நான் 50. என் பஸ்ஸின் நீளம் 12 மீட்டரையும் சேர்த்தால், ஒற்றை வரிசையைத் தாண்டி முடிக்க 7 விநாடி பிடிக்கும், அதற்குள் பஸ் நூறு மீட்டர் ஓடியிருக்கும். இரட்டை வரிசை என்றால் நாலரை விநாடி, 60 மீட்டரோடு முடிந்துவிடும். "வரிசையாப் போகக் கூடாதா" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! எப்படியும் பக்கத்துத் தடத்துக்கு முழுசாக மாறித்தானே தாண்ட வேண்டும்? அப்படியென்றால் அவர்கள் ஜோடியாகப் போவதில்தான் எனக்கும் சௌகரியம். ஒற்றை வரிசையில் ஓரமாகப் போனால், அதே தடத்திலேயே நுழைந்துவிடலாம் என்கிற ஆசைதான் வருகிறது. அந்த ஆசையில்தான் கண்ணாடி முழங்கையில் உரசுகிறது.

இங்கே 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து குழுவுக்கு அளவு வைத்துவிட்டார்கள். நீளத்தில் ஐந்து சைக்கிளுக்கு மேல் கூடாது, ஜோடியாகப் போனால் மொத்தம் பத்துப் பேர். ஒரே தடம் உள்ள சாலையிலும், பஸ் தடம் செயல்படும் நேரத்தில் அந்தத் தடத்திலும் ஒற்றை வரிசைதான். மீறினால் அபராதம் 75 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்ததை 150 ஆக்கினார்கள். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பத்து இடைவெளி விடச் சொல்கிறார்கள். எங்களுக்குச் சொன்னது, தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது. நம் பூக்காரம்மா கணக்கில் மூன்றரை முழம். பெரிய வண்டி பக்கத்தில் வேகமாகப் போனால் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அதைத் தாங்கத்தான் அந்த இடம்.

சைக்கிளுக்குப் பதிவெண் கட்டாயமாக்க வேண்டும் என்று 2021-இல் இங்கே பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் வேண்டாம் என்று முடிவானது. எனக்கு நம் ஊர் நகராட்சியின் பித்தளை டோக்கன்தான் ஞாபகம் வந்தது. டோக்கன் இல்லை, லைட் இல்லை, டபுள்ஸ் என்று பிடித்து நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார்களே. அந்த டோக்கனால் ஒரு லாரியாவது நமக்கு வழிவிட்டதா?

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு வந்த கோபத்தில் பெரும்பங்கு உங்களால் வந்தது கிடையாது. அது ஏழு மணி கார்டிலிருந்து வந்தது. ஈசிஆரில் உங்களை உரசிக்கொண்டு போகிற வேன்காரனுக்கும் எங்கேயோ ஒரு ஏழு மணி இருக்கும். அதனால் அவன் செய்வது சரியாகிவிடாது. நான் செய்ததும் சரியாகவில்லை. ஆனால் அவன் காதில் ஒன்றைப் போட முடியுமானால், எண்ணிப் பார்க்கச் சொல்வேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, சைக்கிள் குழுவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஹாரனைத் தொடாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். பெரும்பாலும் இருபது எண்ணுவதற்குள் வலது பக்கம் வழி கிடைத்துவிடுகிறது. மூன்று வருஷத்தில் அதிகமாகக் காத்திருந்தது, ஒரு மழை நாளில், தொண்ணூறு வரை. அன்றைக்கும் யார் கூலியும் போகவில்லை. அடுத்த சிக்னலில் எப்படியும் அதைவிட அதிக நேரம் நின்றேன்.

இன்னொன்று பஸ்காரர்களுக்கே உரியது. சைக்கிளைத் தாண்டிப் போய், உடனே இடது பக்கம் ஒடித்து நிறுத்தத்தில் நிற்போம். அவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வெளியே வர வேண்டும். நாங்கள் கிளம்பி மறுபடி தாண்டுவோம். நாலு நிறுத்தத்துக்கு இதே கூத்து. இப்போது நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் நான் தாண்டுவதே இல்லை, பின்னாலேயே போய் ஒதுங்கிவிடுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன், நண்பன் என்கிற உரிமையில். பன்னிரண்டு பேர் ஒரே கும்பலாகப் போகாதீர்கள். ஆறு ஆறாகப் பிரிந்து, நடுவில் ஒரு வேன் உள்ளே வந்து மூச்சு விட இடம் கொடுங்கள். முதல் ஆறு பேரைத் தாண்டும்போது எதிரில் வண்டி வந்தால் அவன் எங்கே போவான்? பஞ்சர் ஆனாலும் போட்டோ எடுத்தாலும் தாரை விட்டு முழுசாக இறங்கிவிடுங்கள். கோவளத்துக்குக் கிட்டே ஓரத்தில் மணல் படிந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். மணலுக்காக வலது பக்கம் விலக வேண்டியிருந்தால் பத்து மீட்டர் முன்னாலேயே கையைக் காட்டு. கடைசி ஆள் பின்னால் திரும்பி ஒரு தடவை டிரைவர் முகத்தைப் பார்த்தால் போதும், அந்தப் பார்வைக்கு எங்கள் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடுகிறது. நாங்கள் பொறுமையாகப் பின்னால் வந்து தாண்டினால் ஒரு கை தூக்கு. துவாஸில் ஒரு குழு எனக்கு அப்படிச் செய்வார்கள். நானும் பதிலுக்குக் கை தூக்குவேன். எங்களுக்குள் வேறு பழக்கம் எதுவும் கிடையாது.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, காலை எட்டரை மணிக்கு மெயின் ரோட்டில் டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் நாலு நாலு பேராக, சாலை முழுக்கப் பேசிக்கொண்டே போனார்கள். நம் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சைக்கிள் குழு எது? டிரைவர் ஹாரனை ஒரே ஒரு தடவை, தூரத்திலேயே, தொட்டும் தொடாமலும் தட்டினார். பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமலே இரண்டாகச் சுருங்கினார்கள். பாலம் தாண்டும்வரை அவர்கள் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார். இறங்கும்போது அவரிடம் கேட்டேன். "என் பொண்ணும் இதுல ஒருத்தி சார், இன்னைக்கு எந்த வரிசையில போறாளோ" என்றார்.

உன் கடிதத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது, நீலாங்கரைப் பக்கம் தினமும் எதிர்ப்படும் அந்த வாட்ச்மேன் அண்ணன். நைட் டியூட்டி முடித்து, பழைய அட்லஸ் சைக்கிளில், லைட் எதுவும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறவர். உங்கள் குழுவில் ஒருவர் அவரை "ஓரம் போ" என்று கத்தினார் என்று எழுதியிருந்தாய், அதற்காக நீ வருத்தப்பட்டதையும் எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படி ஆட்கள் உண்டு. விடுதியிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகிற நம் ஆட்களையும் வங்காளதேசத்துப் பிள்ளைகளையும் யாரும் சைக்கிளோட்டிகள் என்று நினைப்பதே இல்லை. சாலையில் ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019-இல் சட்டம் வந்தபோது என் பஸ்ஸில் வருகிற ஒரு பையன் முதல் சம்பளத்தில் வாங்கிவைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினான். அந்த அண்ணனைத் தாண்டும்போது நீங்கள் பன்னிரண்டு பேர், அவர் ஒருவர். அந்த இடத்தில் பஸ் நீங்கள்தான்டா செல்வம். மூன்றரை முழம் விட்டுப் போங்கள், அவர் காதுக்குப் பக்கத்தில் கத்த வேண்டாம்.

மாசி மாதம் இரண்டு வாரம் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. வந்தால் ஒரு ஞாயிறு உன்னோடு கோவளம் வரை வருகிறேன். எனக்கு ஒரு சைக்கிள் வாடகைக்குப் பார்த்து வை, கேரியர் இருந்தால் இன்னும் சந்தோஷம். இங்கே முஸ்தபா கடையில் சார்ஜ் போட்டு மாட்டுகிற சிவப்புப் பின்விளக்கு விற்கிறார்கள், இரண்டு வாங்கி வருகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை அந்த அண்ணனிடம் நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவர் எத்தனை மணிக்கு நீலாங்கரையைத் தாண்டுவார் என்று மட்டும் கேட்டு எழுது.

என்றும் உன்,
ராமு