ஜப்பான் உலகக்கோப்பையை வென்றிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஜப்பான் கால்பந்து வீரர் ஹிதேதோஷி நகாதா பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இத்தாலியின் பெருஜியா அணிக்குப் போன முதல் ஆட்டத்திலேயே யுவெண்டஸுக்கு எதிராக 2 கோல், ரோமாவுடன் 2001-இல் லீக் பட்டம், 29 வயதில் ஓய்வு, எல்லாம் சரி. கடைசிப் பத்தியில்தான், 'ஜப்பானுக்கு உலகக்கோப்பை இன்றுவரை எட்டாக்கனி' என்று ஒரு வரி.

எட்டாக்கனி இல்லை ஐயா, பறித்துச் சாப்பிட்டாயிற்று. 2011 ஜூலை 17-ஆம் தேதி, ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில், அமெரிக்காவை வீழ்த்தி ஜப்பான் உலகக்கோப்பையை வாங்கியது. கேப்டன் பெயர் ஹோமரே சவா. பெண்கள் ஆடியதால் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் அது வரவில்லை போலிருக்கிறது.

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் 27 வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். என் ஆட்டம் எறிபந்து. கால்பந்தை விதிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பிள்ளைகளின் செருப்புகளை வரிசையாக வைத்து ஆஃப்சைடு விளக்குவேன். சவாவை எனக்குக் காட்டியவளே என் மாணவிதான். தேவனாம்பட்டினத்துப் பெண். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ரொம்ப நாள் கடற்கரைப் பக்கமே போகாதவள். சாயங்காலம் முழுக்க மைதானமே கதி என்று கிடப்பாள். பத்தாவது படிக்கும்போது ஜாமென்ட்ரி பாக்ஸ் மூடிக்குள் நாலு விரல் அகலத்தில் ஒரு பேப்பர் துண்டை ஒட்டி வைத்திருந்தாள். "டீச்சர், இவங்க ஊர்லயும் அலை வந்துச்சாம்" என்றாள்.

ஆமாம், உலகக்கோப்பை நடந்த அதே 2011 மார்ச் 11-இல்தான் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும். ஜெர்மனியோடு காலிறுதிக்கு முன்னால் பயிற்சியாளர் நோரியோ சசாகி அந்த அழிவின் படங்களை வீராங்கனைகளுக்குப் போட்டுக் காட்டினார். அன்று கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்த கரினா மருயாமா, முன்பு ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே பந்தாடியவர். அவருக்குப் பந்தைப் போட்டுக் கொடுத்தது சவா.

இறுதி ஆட்டத்தைப் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில், கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து, துண்டு துண்டாகப் பார்த்தோம். அதுவரை ஜப்பான் பெண்கள் அமெரிக்காவை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. இரண்டு தடவை பின்தங்கி இரண்டு தடவையும் சமன் செய்தார்கள். இரண்டாவது சமன்தான் சவாவுடையது, 117-ஆவது நிமிடம். சக வீராங்கனை மியாமா கார்னர் அடிக்கிறார். சவா எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து வந்து, கோலை நேராகப் பார்க்காமலே வலது காலின் வெளிப்பக்கத்தால் தட்டிவிடுகிறார். பிறகு பெனால்டியில் 3-1. அந்த உலகக்கோப்பையில் சவாவுக்கு மொத்தம் 5 கோல். அதிக கோல் விருதும் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. மறுநாள் சாயங்காலம் என் பிள்ளைகள் அதே மாதிரி தட்டிப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. பந்து ரோட்டில் போன ஆட்டோவில் பட்டு, நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சவா 15 வயதில் தேசிய அணிக்கு வந்து முதல் ஆட்டத்தில் 4 கோல் அடித்தவர். 1995 முதல் 2015 வரை 6 உலகக்கோப்பைகள் ஆடினார். அமெரிக்காவில் ஆடப் போனார், 2003-இல் அங்கே லீக்கையே மூடிவிட்டார்கள். ஊர் திரும்பி மறுபடி ஆடினார். நாட்டுக்காக 205 ஆட்டம், 83 கோல். 2015 ஆகஸ்டில் கல்யாணம். அதற்குப் பிறகும் ஆடி, டிசம்பர் 27-இல் ஜப்பானின் பேரரசி கோப்பை இறுதியில் கோபே அணிக்கு ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டு ஜெயிக்க வைத்துவிட்டுத்தான் காலணியைக் கழற்றினார். வயது 37.

தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்கு 19-இல் கல்யாணம். மாப்பிள்ளை தங்கமான பையன். பந்தைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை. பெரியவர்கள் முன்னால் நானாவது பேச்சை எடுத்திருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எல்லோர் கதையும் அப்படியில்லை. எங்கள் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், போலீஸ் வேலையிலும் இருக்கிறார். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று முதல் தேசியப் பட்டம் வாங்கினார்களே, அந்த அணியில் இருந்தவர். நகாதாவுக்குக் கொடுத்த அரைப் பக்கத்தில் பாதியாவது இவருக்கு ஒரு ஞாயிறு கொடுங்கள்.

இன்னொன்று. மாவட்டப் போட்டிச் செய்தியில் 'கடலூர் மாணவிகள் வெற்றி' என்று மட்டும் போட்டு முடித்துவிடுகிறீர்கள். கோல் அடித்த பிள்ளையின் பெயரைப் போடுங்கள், எத்தனையாவது நிமிடம் என்றும் போடுங்கள். இரண்டு வரி போதும், ஜாமென்ட்ரி பாக்ஸ் மூடிக்குள் அவ்வளவுதான் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.